பம்பைக் கழற்றும் முன் தொட்டியைப் பாருங்கள்: கூலிங் வாட்டர் பம்ப் கோளாறுகளை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது

கோவைப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறையில் கூலிங் வாட்டர் பம்பை ஒரே மாதத்தில் மூன்று முறை கழற்றியிருந்தார்கள். முதல் முறை, ஷாஃப்ட் வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலை மாற்றினார்கள். இரண்டாம் முறை பேரிங். மூன்றாம் முறை, உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரையே புதிது போட்டார்கள். அப்படியும் பிரஷர் முள் ஆடுவது நிற்கவில்லை. நான் போனதும் தொட்டி மூடியைத் திறக்கச் சொன்னேன். கூலிங் டவரிலிருந்து இறங்கும் ரிட்டர்ன் பைப், பம்ப் தண்ணீரை இழுக்கும் சக்ஷன் வாய்க்கு நேர் மேலே, தண்ணீர் மட்டத்திலிருந்து இரண்டடி உயரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாதி, நுரை பாதி. அதைத்தான் பம்ப் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு எல்போவும் ஒன்றரை மீட்டர் பைப்பும் வாங்கி, ரிட்டர்னைத் தொட்டியின் மறு மூலைக்குத் தள்ளி, வாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினோம். முள் அசையாமல் நின்றது.

பம்பில் தெரிகிற கோளாறுகளில் நான் பார்த்தவரை பெரும்பகுதி தொட்டியில் பிறந்தவை. அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் தேடலைத் தொட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

கணக்குக்கு ஒரு மாதிரி அமைப்பு

சொல்லும் அளவுகள் காற்றில் நிற்காமல் இருக்க ஒரு அமைப்பை மனதில் வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள தொட்டி, அதாவது 9,000 லிட்டர். மணிக்கு 50 கன மீட்டர் தள்ளும் இரண்டு சென்ட்ரிஃபியூகல் பம்புகள். ஒன்று ஓடும், ஒன்று ஸ்டாண்ட்பை. டெலிவரி (தண்ணீர் வெளியே போகும் பக்கம்) பிரஷர் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ, மோட்டார் 10 ஹெச்.பி., சக்ஷன் பைப் 125 மி.மீ., டெலிவரி 100 மி.மீ. மெஷின்களுக்குப் போன தண்ணீர் 5 டிகிரி சூடேறி டவருக்குத் திரும்புகிறது. தண்ணீர் போர்வெல் தண்ணீர். நடுத்தரப் பட்டறைகளில் சாதாரணமாகப் பார்க்கும் அமைப்புதான். உங்களுடையது பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன்

மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ‘வேலை நடக்கிறது’ என்று அட்டை தொங்கவிடுங்கள். ஆட்டோ லெவல் கன்ட்ரோலர் இருந்தால் மோட்டார் எந்த நிமிடமும் தானாக எடுக்கும். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் கை இருக்கும்போது அது எடுத்துவிட்டால் விரல் போய்விடும்.

கையில் மூன்று கருவிகள் வேண்டும். ஒன்று டெலிவரி பிரஷர் கேஜ். முடிந்தால் சக்ஷன் பக்கம் ஒரு வேக்யூம் கேஜும் சேர்த்து. இரண்டாவது, வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டர். மூன்றாவது நல்ல தெர்மாமீட்டர். இவற்றோடு, பம்ப் புதிதாக ஓடிய நாளில் எழுதி வைத்த குறிப்பு: சாதாரணமாக ஓடும்போது பிரஷர் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு, டெலிவரி வால்வை மூடியபோது பிரஷர் எவ்வளவு. அப்படிக் குறிப்பு இல்லாவிட்டால், நன்றாக ஓடும் ஸ்டாண்ட்பை பம்பில் இன்றைக்கே எடுத்து எழுதிவிடுங்கள். இது இல்லாமல் கோளாறு தேடுவது, சாதாரண நாளில் எவ்வளவு என்று தெரியாமல் ஒருவரின் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பது போல.

இந்த எண்கள் சேர்ந்தால் பாதி விடை கிடைத்துவிடும்:

பிரஷரும் குறைவு, ஆம்பியரும் குறைவு என்றால் பம்புக்குள் தண்ணீர் சரியாக வரவில்லை, அல்லது காற்று வருகிறது. தொட்டிப் பக்கம் போங்கள்.

பிரஷர் அதிகம், ஆம்பியர் குறைவு என்றால் தண்ணீர் வெளியே போக வழியில்லை. டெலிவரியில் வால்வு, ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி), ஹீட் எக்ஸ்சேஞ்சர் எங்கோ அடைப்பு.

பிரஷர் குறைவு, ஆம்பியர் அதிகம் என்றால் தண்ணீர் அளவுக்கு மீறிப் போகிறது. பைபாஸ் திறந்திருக்கிறது, அல்லது எங்கோ பைப் உடைந்திருக்கிறது.

சந்தேகம் தீரவில்லை என்றால் டெலிவரி வால்வை அரை நிமிடம் முழுதாக மூடிப் பிரஷரைப் பாருங்கள். முதல் நாள் குறிப்பில் உள்ள அளவே வந்தால் பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, அதைக் கழற்றாதீர்கள். குறைவாக வந்தால் மட்டும் பம்புக்குள் தேடலாம். அரை நிமிடத்துக்கு மேல் மூடி வைக்க வேண்டாம், உள்ளே தண்ணீர் சூடேறிக்கொண்டே போகும்.

அறிகுறி: மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவே இல்லை

தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். லெவல் காட்டும் டியூபை நம்பாதீர்கள். பாசி அடைத்து அது பழைய மட்டத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

தொட்டி தரைக்குக் கீழே, பம்ப் மேலே என்றால் முதல் சந்தேகம் ஃபுட் வால்வு, அதாவது சக்ஷன் பைப்பின் அடி நுனியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு. பம்பை நிறுத்தி, பிரைமிங் ஃபனலில் (ஓட்டும் முன் பம்பைத் தண்ணீரால் நிரப்பும் புனல்) தண்ணீர் நிறைத்து ஐந்து நிமிடம் கவனியுங்கள். மட்டம் இறங்கினால் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை. பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்காது. ஒரு சிறிய கல்லோ, உப்புச் சில்லோ, பிளாஸ்டிக் துணுக்கோ சீட்டில் உட்கார்ந்திருக்கும். தூக்கிக் கழுவினாலே சரியாகிவிடும். புதிதாகத் தொட்டி அமைப்பவர்களுக்கு என் யோசனை இதுதான்: இடம் இருந்தால் தொட்டியைத் தரைக்கு மேலே வையுங்கள், பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். ஃபுட் வால்வே தேவைப்படாது. காலையில் பிரைம் பிடிக்க ஆள் நிற்க வேண்டிய வேலையும் இருக்காது.

தொட்டி மேலே இருந்தும் தண்ணீர் வரவில்லையா? சக்ஷன் வால்வு திறந்திருக்கிறதா, பம்பின் தலையில் உள்ள ஏர் காக்கைத் திறந்தால் காற்று சீறுகிறதா என்று பாருங்கள். காற்று முழுக்கப் போய்த் தண்ணீர் தொடர்ச்சியாகக் கொட்டும் வரை திறந்து வைத்துவிட்டு மூடுங்கள்.

அடுத்தது சுற்றும் திசை. ஸ்டார்ட்டரிலோ பேனலிலோ எலக்ட்ரீஷியன் வேலை பார்த்த மறுநாள் இந்தப் புகார் வந்தால் வேறெங்கும் போக வேண்டாம். சென்ட்ரிஃபியூகல் பம்ப் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் டெலிவரிப் பக்கமே வரும். அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மோட்டாரை ஒரு நொடி தட்டிவிட்டு, நிற்கும் நேரத்தில் ஃபேன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று, கேஸிங்கில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். தவறு என்றால் இரண்டு ஃபேஸை மாற்றினால் போதும். இம்பெல்லர் ஷாஃப்டில் மரையால் முடுக்கப்பட்ட வகை என்றால் தலைகீழாக ஓடும்போது அது கழன்று கேஸிங்கை உரசும், ஆகவே நீண்ட நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

அறிகுறி: பிரஷர் முள் ஆடுகிறது, தண்ணீர் விட்டு விட்டு வருகிறது

காற்றுதான். கேள்வி, எங்கிருந்து என்பது மட்டும்தான். மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி சுழல். தண்ணீர் மட்டம் இறங்கும்போது சக்ஷன் வாய்க்கு மேலே, வாஷ்பேசினில் தண்ணீர் இறங்கும்போது வருவது போல ஒரு குழி விழும். அந்தக் குழி வழியே காற்று நேராகப் பைப்புக்குள் போகும். நம் மாதிரி அமைப்பில், 125 மி.மீ. சக்ஷன் வாய் மிகக் குறைந்த மட்டத்துக்குக் கீழே 40 செ.மீ.யாவது அமிழ்ந்திருக்க வேண்டும். நான் அரை மீட்டர் வைத்துக்கொள்வேன். சோதனை எளிது: ஓரடி அகலமுள்ள ஒரு பலகையைக் கயிற்றில் கட்டி, சக்ஷன் வாய்க்கு மேலே மிதக்க விடுங்கள். சுழல் உருவாக இடமில்லாமல் போகும். முள் நின்றுவிட்டால் காரணம் உறுதி. பலகை சோதனைக்கு மட்டும்தான். நிரந்தரத் தீர்வு, மட்டத்தை உயர்த்துவது. முடியாவிட்டால் சக்ஷன் வாயில் பெல்மவுத் (மணி போல விரிந்த வாய்) போடுவது, அல்லது கூட்டல் குறி போல இரண்டு தகடுகளை வைத்து வெல்டு செய்வது.

இரண்டாவது வழி, தொடக்கத்தில் சொன்ன கதை. மேலிருந்து கொட்டும் தண்ணீர் காற்றையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போகும். குமிழி மேலே ஏறி வெளியேற நேரம் வேண்டும். ரிட்டர்ன் ஒரு முனை, சக்ஷன் எதிர் முனை, நடுவே ஒரு தடுப்புச் சுவர் என்று தொட்டியைக் கட்டினால் நேரமும் கிடைக்கும், கசடும் தடுப்புக்கு முன்னாலேயே படிந்துவிடும். தொட்டியின் கொள்ளளவும் இதில் பேசும். நம் பம்ப் நிமிடத்துக்கு 830 லிட்டர் சொச்சம் இழுக்கிறது. 9,000 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீருக்குச் சுமார் பத்து நிமிட ஓய்வு. செலவைக் குறைக்க 2,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி வைத்த இடங்களில் ஓய்வு இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது. அங்கே பம்ப் எப்போதும் நுரையைத்தான் குடிக்கும்.

மூன்றாவது வழி சக்ஷன் பைப்பில் கசிவு. பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால் சக்ஷனில் வெற்றிடம். கசிகிற இடத்தில் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஃபிளாஞ்சாகவும் திருகு ஜாயின்ட்டாகவும் கெட்டியாக கிரீஸ் பூசிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் பூசியதும் முள் அமைதியாகிறதோ அங்கேதான் ஓட்டை. ஷாஃப்ட் பம்புக்குள் நுழையும் இடத்தில் பேக்கிங்கை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டையும் மறக்க வேண்டாம், தளர்ந்த கிளாண்ட் பேக்கிங் வழியாகவும் காற்று போகும்.

இன்னொன்று அமைப்பிலேயே வரும் தவறு. சக்ஷன் பைப் பம்பை நோக்கிச் சிறிதாகும் இடத்தில், மேல்புறம் சமமாக உள்ள எக்சென்ட்ரிக் ரெட்யூசர் போட வேண்டும். சாதாரண ரெட்யூசர் போட்டால் அதன் மேல்வளைவில் காற்று தேங்கி, அவ்வப்போது கட்டியாகப் பம்புக்குள் நுழையும். பைப்பில் நடுவே மேடு இருந்தாலும் இதே கதைதான்.

அறிகுறி: பம்புக்குள் கூழாங்கல் உருளும் சத்தம்

உள்ளே கல் எதுவும் இல்லை. இம்பெல்லரின் வாயில் அழுத்தம் மிகவும் குறைந்து தண்ணீர் அங்கேயே ஆவிக் குமிழிகளாக மாறுகிறது. சற்றுத் தள்ளி அழுத்தம் ஏறியதும் அவை வெடிப்பது போல நொறுங்குகின்றன. அதுதான் கேவிட்டேஷன். மாதக்கணக்கில் விட்டால் இம்பெல்லரில் பிளேடு தொடங்கும் இடம் கரையான் அரித்த மரம் போலாகிவிடும்.

சக்ஷனைத் தள்ளிக் கொடுப்பது காற்று மண்டல அழுத்தம்தான். கடல் மட்டத்தில் அது 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். சுமார் 410 மீட்டர் உயரத்தில் உள்ள கோவையில் ஏறக்குறைய 9.8 மீட்டர். 45 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தம் அதில் 1 மீட்டரைச் சாப்பிட்டுவிடும். பம்ப் 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பைப்பும் ஃபுட் வால்வும் சேர்ந்து 1 மீட்டர் எடுத்துக்கொள்கின்றன என்றால் மீதி 4.8 மீட்டர். பம்புக்கு 3 மீட்டர் வேண்டும் என்றால் தாராளம். ஆனால் ஸ்ட்ரெய்னர் அடைத்து 2 மீட்டரைத் தின்றால் தாராளம் போய்ச் சத்தம் வரும்.

ஆக, கூழாங்கல் சத்தம் கேட்டதும் ஸ்ட்ரெய்னரைத் திறங்கள். வேக்யூம் கேஜ் இருந்தால் அதுவே சொல்லிவிடும்: வெற்றிடம் வழக்கத்தைவிட ஏறியிருந்தால் அடைப்பு. அடுத்து, தண்ணீர் சூடு. கோடையில் மட்டும் சத்தம் வருகிறது என்றால் டவர் சரியாகக் குளிர்விக்கவில்லை என்பதன் முன்னறிவிப்பு. தற்காலிகமாகச் சமாளிக்க டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். சக்ஷன் வால்வில் கை வைக்க வேண்டாம், அதை மூடினால் நோய் கூடும்.

அறிகுறி: பிரஷர் சரியாக இருக்கிறது, ஆனால் மெஷின் சூடாகிறது

இந்தப் புகாரில்தான் ஷிஃப்டுகளுக்குள் சண்டை வரும். மெஷின்காரர் பம்பைக் குறை சொல்வார், பம்ப்காரர் மெஷினைக் குறை சொல்வார். மூன்று வெப்பநிலைகளை அளந்தால் சண்டை முடியும்: மெஷினுக்குப் போகும் தண்ணீர், திரும்பும் தண்ணீர், அப்புறம் டவர் பக்கத்தில் நிழலில் ‘வெட் பல்ப்’. கடைசியை அளக்கத் தெர்மாமீட்டர் நுனியில் ஈரத் துணி சுற்றி, மின்விசிறிக் காற்றில் சில நிமிடம் பிடித்தால் போதும்.

போகும் தண்ணீர் வழக்கமான சூட்டில் இருக்கிறது, திரும்பும் தண்ணீர் 5 டிகிரிக்குப் பதில் 9, 10 டிகிரி ஏறி வருகிறது என்றால் தண்ணீர் போதவில்லை. தண்ணீர் பாதியானால் சூடேற்றம் இரட்டிப்பாகும், கணக்கு அவ்வளவுதான். மெஷின் நுழைவாயில் ஸ்ட்ரெய்னர், பாதி மூடிய வால்வு, மடங்கிய ஹோஸ் என்று தேடுங்கள். பிரஷர் நன்றாகக் காட்டுகிறதே என்று கேட்பார்கள். அடைப்பு இருந்தால் பிரஷர் ஏறத்தானே செய்யும்?

போகும், திரும்பும் தண்ணீருக்கு நடுவே வித்தியாசம் 2 டிகிரிகூட இல்லை, ஆனால் மெஷினின் எண்ணெய் கொதிக்கிறது என்றால், தண்ணீர் வந்து வேலை செய்யாமல் திரும்புகிறது. அந்த எண்ணெயைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஆயில் கூலரின் உள்ளே உப்புப் படிந்துவிட்டது. முட்டை ஓட்டுக் கனத்துக்குப் படிந்தாலே சூடு தாண்டி வருவது குறைந்துவிடும். பம்பை மாற்றுவதால் இங்கே ஒரு பயனும் இல்லை, கூலரைக் கழுவ வேண்டும்.

வித்தியாசம் 5 டிகிரிதான், ஆனால் போகும் தண்ணீரே சூடாக இருக்கிறது என்றால் டவரைப் பாருங்கள். எவ்வளவு நல்ல டவரும் தண்ணீரை வெட் பல்புக்குக் கீழே இறக்காது. அதைவிட 3 முதல் 5 டிகிரி மேலேதான் நிற்கும். சென்னையில் வெட் பல்ப் 28 டிகிரியாக இருக்கும் நாளில் 32 டிகிரித் தண்ணீர் கிடைத்தால் டவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. வெயில் 40 டிகிரியா 35 டிகிரியா என்பதில் ஒன்றுமில்லை. புழுக்கமான நாளில் தண்ணீர் ஆறாது, காய்ந்த வெயிலில் நன்றாக ஆறும். புதியவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். அளந்து காட்டுங்கள்.

வெட் பல்புக்கு மேலே 8, 10 டிகிரி நிற்கிறது என்றால் டவரில் குறை உண்டு. ஃபேன் திசை மாறிச் சுற்றுகிறதா (மேல் வாயில் காற்று வெளியே தள்ள வேண்டும்), ஸ்பிரிங்க்ளர் தலை சுற்றுகிறதா, ஃபில்களில் (தண்ணீர் பரவி வழியும் உள் அடுக்குகள்) உப்பு கட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் வழிகிறதா, டவர் விடும் சூடான ஈரக்காற்று சுவரில் மோதித் திரும்ப அதற்குள்ளேயே நுழைகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கடைசிக் காரணம் அமைக்கும்போதே செய்த தவறு. டவரை மூன்று பக்கம் சுவர் உள்ள மூலையில் ஒளித்து வைத்தால் அது தன் மூச்சையே திரும்ப இழுக்கும்.

அறிகுறி: பம்பை நிறுத்தினால் தொட்டி வழிகிறது, அல்லது தண்ணீர் காணாமல் போகிறது

நிறுத்தியதும் வழிவதைப் பலர் ஃபுளோட் வால்வு கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுகிறார்கள். புதியதும் வழியும். காரணம் வேறு. பம்ப் ஓடும்போது மேலே போகும் லைன்களில் தண்ணீர் நிறைந்திருக்கும், நிறுத்தியதும் அது தொட்டிக்கு இறங்கும். 100 மி.மீ. பைப்பில் போக 60 மீட்டர், வர 60 மீட்டர் என்றால் அதில் இருப்பது சுமார் 940 லிட்டர். நம் தொட்டியில் அது 16 செ.மீ. உயரம். ஓடும்போது உள்ள மட்டத்துக்கும் ஓவர்ஃப்ளோ வாய்க்கும் நடுவே 16 செ.மீ. இடம் இல்லாவிட்டால் வழிந்தே தீரும். மறுபடி ஓட்டும்போது மட்டம் இறங்கும், ஃபுளோட் திறந்து புதுத் தண்ணீர் விடும், நிறுத்தினால் மறுபடி வழியும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மருந்து போட்ட தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது.

சரி, தீர்வு? பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபுளோட்டை இறக்கி, ஓவர்ஃப்ளோ வாய்க்கு 25 செ.மீ. கீழே மூடும்படி வையுங்கள். நிற்கும் தொட்டியைப் பார்த்து ஃபுளோட்டை அமைக்கக் கூடாது.

தண்ணீர் குறைகிறது என்ற புகாருக்கு முதலில் எவ்வளவு குறைவது இயல்பு என்று தெரிய வேண்டும். மணிக்கு 50 கன மீட்டர், 5 டிகிரி என்ற அளவில் டவரில் சுமார் 380 லிட்டர் ஒவ்வொரு மணியும் ஆவியாகும். முழு லோடில் 24 மணி நேரம் ஓடினால் 9,000 லிட்டர், அதாவது தினம் ஒரு தொட்டி. சோதனைக்கு, புதுத் தண்ணீர் வால்வையும் பிளோடவுன் வால்வையும் (உப்பேறிய தண்ணீரை வெளியேற்றும் வால்வு) மூடி, தொட்டிச் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். 6 செ.மீ. சொச்சம் இறங்கினால் இயல்பு. 10 செ.மீ. இறங்கினால் கசிவைத் தேடுங்கள்: மண்ணுக்குள் போகும் பைப், டவரிலிருந்து காற்றோடு பறக்கும் துளி, டிரெயின் வால்வு. இரவு பம்பை நிறுத்திவிட்டு இன்னொரு கோடு போடுங்கள். நிற்கும்போதும் இறங்கினால் தொட்டியே ஒழுகுகிறது.

தொட்டியில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் ஆயில் கூலரின் டியூப் பொத்துப்போயிருக்கிறது. மெஷினின் எண்ணெய் பால் போல வெளுத்தாலும் அதே காரணம்தான், தண்ணீர் எண்ணெய்க்குள் போகிறது. அந்த மெஷினை உடனே நிறுத்துங்கள். அதன் ஹைட்ராலிக் பம்ப் போய்விடும்.

அறிகுறி: மோட்டார் ட்ரிப் ஆகிறது

மூன்று ஃபேஸிலும் தனித்தனியாக ஆம்பியர் எடுங்கள். 10 ஹெச்.பி. மோட்டாருக்கு 415 வோல்ட்டில் முழு லோடு ஏறக்குறைய 14 ஆம்பியர். பெயர்ப்பலகையில் சரியான எண் இருக்கும்.

ஒரு ஃபேஸில் ஒன்றுமே இல்லை, மற்ற இரண்டும் எகிறி நிற்கிறது என்றால் சிங்கிள் ஃபேஸிங். ஃபியூஸ், கான்டாக்டர் முனை, லூஸ் கனெக்ஷன் பாருங்கள். ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை இழுத்துப் பிடித்து ஓட்டாதீர்கள், காயில் கருகிவிடும்.

மூன்றும் சமமாக அதிகம் என்றால் தண்ணீர் அதிகம் போகிறது. ‘ஹெட் (பம்ப் தண்ணீரை ஏற்றும் உயரம்) கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று 25 மீட்டர் போதும் இடத்தில் 45 மீட்டர் பம்ப் வாங்கியவர்களுக்கு இது நிச்சயம் வரும். இரண்டு பம்பும் சேர்ந்து ஓடும்படி அமைத்த இடத்தில் ஒன்றை மட்டும் ஓட்டினாலும் வரும். தனியே ஓடும் பம்ப் தன் பங்குக்கு மேல் தள்ளும். டெலிவரி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி ஆம்பியரைப் பெயர்ப்பலகை அளவுக்குள் கொண்டுவாருங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் இம்பெல்லரை லேத்தில் கடைந்து விட்டத்தைக் குறைக்கலாம், ஆனால் எவ்வளவு என்று பம்ப் கம்பெனியைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தால் ஓவர்லோடு ரிலே எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். டெல்டா சுற்றுக்குள் இருந்தால் லைன் ஆம்பியரில் 0.58 பங்குதான் அதன் வழியே போகும். 14 ஆம்பியர் மோட்டாருக்கு 8.1-ல் வைக்க வேண்டும். 14-ல் வைத்திருப்பதை நான் பல பேனல்களில் பார்த்திருக்கிறேன். அந்த மோட்டாருக்குப் பாதுகாப்பே கிடையாது, எரிந்த பிறகுதான் ரிலே தட்டும்.

அறிகுறி: நிறுத்தி வைத்த பம்பின் ஷாஃப்ட் தானாகச் சுற்றுகிறது

ஸ்டாண்ட்பை பம்பின் என்.ஆர்.வி. (தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு) பிடிக்கவில்லை. ஓடும் பம்ப் தள்ளும் தண்ணீரில் ஒரு பகுதி இதன் வழியே தொட்டிக்குத் திரும்புகிறது. மெஷினுக்குத் தண்ணீர் குறைந்தது ஏன் என்று தேடுபவர்கள் இந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. தலைகீழாகச் சுற்றும் பம்புக்குக் கரண்ட் கொடுத்தால் ஷாஃப்டும் கப்ளிங்கும் அடி வாங்கும். டெலிவரி வால்வை மூடி, அது நின்ற பிறகே கை வையுங்கள். என்.ஆர்.வி.யைக் கழற்றினால் பெரும்பாலும் தட்டில் உப்புக் கட்டியிருக்கும்.

அறிகுறி: ஷாஃப்டில் தண்ணீர் சொட்டுகிறது, பேரிங் சூடு, அதிர்வு

கிளாண்ட் பேக்கிங் என்றால் சொட்டத்தான் வேண்டும். நொடிக்கு ஒரு சொட்டு அளவு சரி; அந்தத் தண்ணீர்தான் பேக்கிங்கைக் குளிர்விக்கிறது. சொட்டே வராதபடி முடுக்கினால் ஷாஃப்ட் ஸ்லீவ் தேய்ந்துபோகும். மெக்கானிக்கல் சீல் என்றால் சொட்டக் கூடாது. சீல் அடிக்கடி போகிறது என்றால் சீலைக் குறை சொல்லும் முன், தொட்டி வற்றி பம்ப் வெறுமையாக ஓடியதா என்று விசாரியுங்கள். குறைந்த மட்டத்தில் மோட்டாரை நிறுத்தும் ஃபுளோட் சுவிட்ச் ஒரு சீலின் விலையைவிடக் குறைவு.

பேரிங் சூட்டுக்கு கிரீஸ் இல்லாதது எவ்வளவு காரணமோ, கிரீஸ் அடைத்து நிரப்பியதும் அதே அளவு காரணம். அதிர்வுக்கு ஒரே ஒரு சோதனை சொல்கிறேன்: பம்பை நிறுத்தி, டெலிவரி ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். பைப் ‘டக்’ என்று விலகினால் அது இத்தனை நாளும் பம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பைப்புக்குத் தனி சப்போர்ட் கொடுத்து, அது தன்னால் ஃபிளாஞ்சில் உட்காரும்படி செய்த பிறகுதான் கப்ளிங் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

அறிகுறி: பாசி, நாற்றம், வெள்ளை உப்பு

தினம் 9,000 லிட்டர் ஆவியாகிறது என்றோம். ஆவியில் உப்பு போகாது. போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 800 என்றால், அந்த 9,000 லிட்டர் விட்டுச்செல்லும் உப்பு 7 கிலோவுக்கு மேல். ஒவ்வொரு நாளும். அது தொட்டியிலும் ஃபில்களிலும் ஆயில் கூலரிலும்தான் உட்கார வேண்டும், வேறு போக்கிடம் இல்லை. அதனால் பிளோடவுன் கட்டாயம். சுற்றும் தண்ணீரின் டி.டி.எஸ். புதுத் தண்ணீரைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகாமல் வைக்க, நம் அமைப்பில் மணிக்குச் சுமார் 190 லிட்டர் வெளியேற்ற வேண்டும். தண்ணீர் வீணாகிறதே என்று அந்த வால்வை மூடிவிடும் முதலாளிகளிடம் ஆயில் கூலர் விலையைச் சொல்லுங்கள். தண்ணீர் கடினத்தன்மை மிகுந்தது என்றால் சாஃப்ட்னர் வைப்பது நல்லது.

பாசிக்குச் சூரிய வெளிச்சம் வேண்டும். தொட்டிக்கு மூடி போட்டாலே பாதி குறையும்.

டவர், தொட்டித் தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரிக்குள் செழித்து வளரும். நம் தண்ணீர் எப்போதும் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. அது கலந்த நீர்த்தூவலைச் சுவாசித்தால் கடுமையான நிமோனியா வரலாம். டவரைக் கழுவும்போது ஃபேன் நிற்க வேண்டும், கழுவுபவருக்கு சுவாச மாஸ்க் வேண்டும். கைக்குட்டை கட்டினால் போதாது.

உப்பைக் கரைக்க ஆசிட் பயன்படுத்துபவர்கள் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். பிளீச்சிங் பவுடரோ ஹைப்போவோ (சோடியம் ஹைப்போகுளோரைட்) உள்ள தண்ணீரில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய இடத்தில் அது ஆளைக் கொல்லும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள் உள்ள எக்ஸ்சேஞ்சரில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றவே கூடாது, தகடு பொத்துப்போகும்.

தொட்டிக்குள் ஆள் இறங்குவதாக இருந்தால், அது ஐந்தடி ஆழம்தானே என்று எண்ண வேண்டாம். அடியில் அழுகிய சேற்றைக் கிளறினால் நச்சு வாயு வரும். இரண்டு மூடிகளையும் திறந்து, புளோயரால் காற்று செலுத்தி, வாயு அளக்கும் மீட்டரால் ஆக்சிஜனும் நச்சு வாயுவும் சோதித்த பிறகே இறங்க விடுங்கள். இறங்குபவர் இடுப்பில் கயிறு, வெளியே கண் எடுக்காமல் ஒருவர். உள்ளே இருப்பவர் மயங்கினால் வெளியில் இருப்பவர் குதிக்கக் கூடாது. கயிற்றை இழுத்து, ஆள் கூப்பிட வேண்டும். உள்ளே விளக்கு வேண்டுமென்றால் 24 வோல்ட் விளக்கு. டீசல் எஞ்சின் பம்பைத் தொட்டி வாயருகே வைத்துத் தண்ணீர் இறைக்காதீர்கள், அதன் புகை உள்ளே இறங்கும்.

கழுவிய பிறகு மறுபடி ஓட்டுவது

தொட்டியை நிரப்பி, கந்தல் துணி, பிரஷ், ஸ்பேனர் எதுவும் உள்ளே விட்டுவிடவில்லை என்று எண்ணிப் பாருங்கள். சக்ஷன் வால்வை முழுக்கத் திறங்கள். ஏர் காக் வழியே காற்றை வெளியேற்றுங்கள். கப்ளிங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள்; எங்கும் பிடிக்கக் கூடாது. டெலிவரி வால்வை முக்கால்வாசி மூடி வைத்து ஸ்டார்ட் செய்து, திசையைப் பார்த்து, வால்வை நிதானமாகத் திறங்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகு பிரஷர், மூன்று ஃபேஸ் ஆம்பியர், ஓடும்போது தொட்டி மட்டம், மூன்றையும் தேதியோடு பேனல் கதவின் உள்பக்கம் எழுதுங்கள். அடுத்த திங்கட்கிழமை ஸ்டாண்ட்பை பம்புக்கு மாற்றி ஓட்டி, அதன் எண்களையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.